ஒரு 'மரால்', நாலு ஆங்கிலச் சொற்கள்: ரஷ்யக் கதைச் சொற்களையும் நீதிச் சொற்களையும் ஆங்கிலமாக்குவது

ரஷ்யத் தொழிற்சாலை அறிக்கைகளில் "அபருதவானியே மரால்னா உஸ்தரேலா" என்ற வரி அடிக்கடி வரும். 'மரால்னா' என்பதற்கு அகராதியில் முதலில் நிற்கும் ஆங்கிலச் சொல் 'மாரலி'. அதை அப்படியே எடுத்துப் போட்டால், ஆலையில் உள்ள கடைசல் இயந்திரங்கள் ஒழுக்கத்தில் கிழடு தட்டிப்போயின என்று பொருளாகிவிடும். அறிக்கை சொல்ல வந்தது வேறு. இயந்திரம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட வேகமாகவும் மலிவாகவும் வேலை பார்க்கும் இயந்திரம் சந்தைக்கு வந்துவிட்டது, பழையதை வைத்துக் கட்டுப்படியாகாது. ஆங்கிலத்தில் 'ஆப்சலீட்' என்ற ஒரே சொல் இதைச் சொல்லிவிடும். 'மரால்னா' இருந்த தடமே தெரியக் கூடாது.

இந்தப் பிரயோகம் கார்ல் மார்க்ஸிடம் இருக்கிறது. 'மூலதனம்' முதல் பாகத்தில் இயந்திரத்தின் தேய்மானத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: ஓடி ஓடித் தேய்வது ஒன்று, புதியது வந்ததால் மதிப்பிழப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அவர் ஜெர்மனில் வைத்த பெயரிலும் 'மாரல்' என்ற அடை உண்டு. 1887-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் 'மாரல் டிப்ரிசியேஷன்' என்றே போட்டது. மார்க்ஸை மேற்கோள் காட்டும் இடத்தில் அதுதான் சரி. ஆலை அறிக்கையில் அது பிழை. ஒரே ரஷ்யச் சொல், ஒரே பொருள். தாள் மாறியதும் ஆங்கிலம் மாறிவிடுகிறது. கதை, நீதி சார்ந்த ரஷ்யச் சொற்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. சொல் எந்தத் தாளில், யார் வாயில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. 'நீதிக்கதை' என்று நமக்கு ஒரு வசதியான சொல் இருக்கிறது. ஈசாப், பஞ்சதந்திரம், டால்ஸ்டாயின் குட்டிக்கதை எல்லாமே அதில் அடங்கிவிடும். ரஷ்யத்தைப் படித்து, மனதுக்குள் 'நீதிக்கதை' என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனால், ரஷ்யம் கவனமாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் நடுவழியிலேயே ஒன்றாக்கிவிடுகிறோம். இடையில் தமிழை நுழைக்காமல் நேராகப் போவது நல்லது. (கீழே ரஷ்யச் சொற்கள் எழுத்தைவிட ஒலிப்பை ஒட்டியே தரப்பட்டுள்ளன. 'மரால்' என்பதை எழுதும்போது ரஷ்யத்தில் ஓகாரம்தான் வரும். அழுத்தம் இல்லாத இடத்தில் அது அகரமாக ஒலிக்கிறது.)

கதைகளின் பெயர்கள்

முதலில் 'பாஸ்ன்யா'. இலக்கிய வகையாக வரும்போது இது 'ஃபேபிள்'. விலங்குகள் பேசும், பெரும்பாலும் செய்யுளாக இருக்கும், அளவில் சிறியது, எங்கோ ஓரிடத்தில் நீதி ஒட்டியிருக்கும். எழுதுபவர் 'பஸ்னபீஸெத்ஸ்', ஆங்கிலத்தில் 'ஃபேபுலிஸ்ட்'. இரண்டு மொழிச் சொற்களுக்கும் வேர்கூட ஒன்றுதான். ரஷ்யச் சொல் 'பேசு' என்ற பழைய வினையிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் 'ஃபாபுலா'வும் 'பேசு' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த இரு வினைகளும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள்.

ஆனால் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "பாஸ்னி சொல்லாதே" என்றால் அங்கே ஃபேபிளுக்கு வேலையில்லை. கதை விடாதே, அளக்காதே என்று பொருள். இதற்கு 'டெல்லிங் டேல்ஸ்' என்று எழுதத் தோன்றும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது இன்னொருவனைப் பற்றிக் கோள் சொல்வது. 'ஸ்டோரீஸ்' அல்லது 'ஃபேரி டேல்ஸ்' என்று போட்டால் வம்பில்லை. அழகாகப் பேசிக்கொண்டே சோறு போடாத வீட்டில் ரஷ்யர்கள் "குயிலுக்குப் பாஸ்னியை ஊட்டி வளர்க்க முடியாது" என்ற பழமொழியைச் சொல்வார்கள். அங்கே பாடும் பறவை நைட்டிங்கேல்; நமக்குப் புரியக் குயில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய பழமொழி, வெறும் இனிய சொல் காய்கறிக்கு வெண்ணெய் தடவாது என்ற பொருளில் உள்ள 'ஃபைன் வேர்ட்ஸ் பட்டர் நோ பார்ஸ்னிப்ஸ்'. பறவையும் போகிறது, பாஸ்ன்யாவும் போகிறது, உணவு மட்டும் மிஞ்சுகிறது. அதுவே போதும்.

இதே குடும்பத்தின் 'பஸ்னஸ்லோவ்னி' என்ற உரிச்சொல் விலைகளோடு வரும். நம்ப முடியாத அளவுக்கு என்று பொருள். வேரைப் பார்த்து 'ஃபாபுலஸ்' என்று போடலாம். பணத்தொகைக்கு அது பொருந்தும். "பஸ்னஸ்லோவ்னி விலை" என்று ஒரு வாடிக்கையாளர் புகார் செய்தால் பொருந்தாது. இன்றைய ஆங்கிலக் காதில் 'ஃபாபுலஸ்' பாராட்டாகத்தான் விழும். அங்கே 'எக்ஸார்பிட்டன்ட்'.

'ப்ரீச்சா' என்றால் 'பேரபிள்'. விலங்கு தேவையில்லை, சிரிப்பும் தேவையில்லை. மனிதர்கள் வருவார்கள், கதைக்குப் பின்னால் ஓர் ஆன்மிக உண்மை இருக்கும். ஊதாரி மகன் கதை ரஷ்யத்தில் ப்ரீச்சா, ஆங்கிலத்தில் பேரபிள், தமிழ் விவிலியத்தில் உவமை. இதுவரை ஒழுங்காகப் போகிறது. ஆனால் சாலமோனின் நீதிமொழிகள் நூலுக்கும் ரஷ்யத்தில் ப்ரீச்சா என்றுதான் பெயர். அது ஆங்கிலத்தில் 'ப்ராவெர்ப்ஸ்'. ரஷ்ய நூலில் "ப்ரீச்சா 6:6" என்று அடிக்குறிப்பு இருந்தால் 'பேரபிள் 6:6' என்று எழுதுபவர் விவிலியத்தில் இல்லாத ஒரு நூலை உண்டாக்கிவிடுகிறார். 'ப்ரீச்சா வ யஸீத்செக்' என்று இன்னொன்று உண்டு. 'மொழிகளில் உவமை' போலத் தோன்றும். அங்கே உள்ள 'யஸீத்செக்' பழைய தேவாலய ஸ்லாவிய வடிவம். அதற்கு மக்களினங்கள் என்று பொருள், மொழிகள் அல்ல. ஊர் வாயில் விழுந்து கேலிக்குரியவன் என்பதே தொடரின் கருத்து. ஆங்கிலத்தில் 'பைவேர்ட்', பேச்சு நடையில் 'டாக் ஆஃப் த டவுன்'. "என்ன ப்ரீச்சா இது!" என்று ஒருவர் வியந்தால், என்ன விந்தை இது என்று மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

'ஸ்காஸ்கா' எல்லாருக்கும் தெரிந்தது. சூனியக்கிழவி பாபா யகா, நெருப்புப் பறவை, இவான் இளவரசன். ஆங்கிலத்தில் 'ஃபேரி டேல்' என்று பழகிவிட்டது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய அஃபனாஸியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் நரி, ஓநாய், கரடி மட்டும் வரும் கதைகள் ஏராளம். தேவதையும் கிடையாது, மந்திரமும் கிடையாது. அவற்றை 'ஃபோக் டேல்' என்பதே நேர்மை. விலங்கு வருகிறது என்பதற்காக 'ஃபேபிள்' என்றும் மாற்றிவிடக் கூடாது. அவற்றில் நரி ஏமாற்றிவிட்டுச் சந்தோஷமாகப் போய்விடும், யாரும் நீதி சொல்வதில்லை.

ஸ்காஸ்கா 'சொல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. அதனால் பழைய அரசுத் தாள்களில் அதற்கு வாக்குமூலம், எழுத்துமூல அறிக்கை என்று பொருள். வரி விதிப்பதற்காக ஆண்களைக் கணக்கெடுத்த பட்டியல்களுக்கு 'ரெவீஸ்கயா ஸ்காஸ்கா' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டு தொடங்கி 1850-கள் வரை இவை எடுக்கப்பட்டன. செத்த பண்ணையடிமைகள் அடுத்த கணக்கெடுப்பு வரை இந்தப் பட்டியலில் உயிரோடு இருந்ததுதான் கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலில் நடக்கும் வியாபாரத்துக்கு ஆதாரம். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்காக ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இதை 'ரிவிஷன் லிஸ்ட்' என்று எழுதுகிறார்கள். 'டேல்' என்று எழுதினால், முப்பாட்டனார் பெயர் இருக்கும் வரிப் பட்டியல் பாட்டிக் கதையாகிவிடும்.

இதற்கு நேரெதிர் 'பில்', அதாவது நடந்தது. டால்ஸ்டாய் 1870-களில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய அரிச்சுவடிப் புத்தகங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் வகைப் பெயர் இட்டிருக்கிறார்: இது பாஸ்ன்யா, இது ஸ்காஸ்கா, இது பில். ப்ளம் பழக் கொட்டை பற்றிய புகழ்பெற்ற துண்டு பில் வகை. வான்யா என்ற சிறுவன் கேட்காமல் ஒரு பழத்தைத் தின்றுவிடுகிறான். கொட்டையை விழுங்கினவன் மறுநாளே செத்துப்போவான் என்று அப்பா சொல்கிறார். பையன் வெளிறிப்போய், "இல்லை, நான் கொட்டையை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டேன்" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள், வான்யா அழுகிறான், அவ்வளவுதான். தலைப்பின் கீழ் 'எ ட்ரூ ஸ்டோரி' என்று போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கும் ஆசை தமிழில் வளர்ந்தவர்களுக்கு வரும். டால்ஸ்டாய் அதை எழுதவில்லை.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். 'நெபிலீத்ஸா' நடக்கவே முடியாதது, 'டால் டேல்'. 'பாய்க்கா' வேட்டைக்காரர்களும் மாலுமிகளும் விடும் கதை, 'யார்ன்' (அதே சொல்லுக்கு ஃபிளானல் துணி என்றும் பொருள் இருக்கிறது, போர்வை பக்கத்தில் வந்தால் உஷார்). 'அனெக்தோத்' ஆங்கில 'அனெக்டோட்' போலவே இருக்கும், ஆனால் இன்றைய ரஷ்யத்தில் அது 'ஜோக்'. 'ஃபாபுலா' பார்ப்பதற்கு ஃபேபிளின் அண்ணன்; பொருளோ கதையோட்டம். இலக்கிய விமர்சனத்தில் ஆங்கிலமும் இதை 'ஃபாபுலா' என்றே கடன் வாங்கிக்கொண்டது. வழக்கறிஞர் தாளில் "வழக்கின் ஃபாபுலா" வந்தால் 'ஃபாக்ட்ஸ் ஆஃப் த கேஸ்'.

நீதியின் பெயர்கள்

ஆங்கிலத்தில் 'மாரல்' என்ற வேரிலிருந்து நாலு பெயர்ச்சொற்கள் தனித்தனியாக வாழ்கின்றன. கதையின் படிப்பினை 'மாரல்'. ஒருவரின் அல்லது ஊரின் நடத்தை 'மாரல்ஸ்'. நெறிமுறை அமைப்பு 'மொராலிட்டி'. படையின், குழுவின் மன உறுதி, கடைசி அசையில் அழுத்தம் பெறும் 'மொரால்'. ரஷ்யத்தின் 'மரால்' முதல் மூன்றையும் தனியாகவே தாங்கும். அதன் உரிச்சொல் நாலாவதையும் தாங்கும்.

"இந்தக் கதையின் மரால்" என்றால் 'த மாரல்', ஒருமை. "மரால் சரிந்துவிட்டது" என்றால் 'மாரல்ஸ்', பன்மை. "கிறிஸ்தவ மரால்" என்றால் 'மொராலிட்டி'. "துருப்புகளின் மரால்னயே நிலை" என்றால் 'மொரால்'. ஒருமை, பன்மை இரண்டில் ஓர் எழுத்து தவறினாலும் பொருள் கவிழும். கதையின் 'மாரல்ஸ்' என்று எழுதினால், கதையே நடத்தை கெட்டதா நல்லதா என்ற விசாரணை போலாகிவிடும். ரஷ்யத்தில் 'மரால்' பொதுவாக ஒருமையில்தான் வரும், ஆகவே பன்மை தேவையா என்பதை ரஷ்ய வாக்கியம் காட்டிக்கொடுக்காது. மொழிபெயர்ப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

"மரால் வாசிக்கிறான்" என்பது உபதேசம் பண்ணுகிறான் என்பது. 'ப்ரீச்சிங்' அல்லது 'லெக்சரிங்'. அன்றாடப் பேச்சில் "மரால்னா கஷ்டமாக இருந்தது" என்பார்கள். அங்கே ஒழுக்கத்துக்கு இடமே இல்லை, 'எமோஷனலி' அல்லது 'மென்டலி'. "மரால்னா தயாராக வேண்டும்" என்றால் மனதைத் தயார்படுத்திக்கொள்வது. 'மாரல் சப்போர்ட்', 'மாரல் விக்டரி' போன்ற சில மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றே. அதுவே பொறி, அந்தச் சிலவற்றைப் பார்த்து மற்றதும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம்.

அடுத்தது 'ந்ராவ்ஸ்த்வென்னஸ்த்'. உச்சரிக்கவே மூச்சு வாங்கும் இந்தச் சொல் 'ந்ராவ்' என்பதிலிருந்து வருகிறது. ந்ராவ் என்றால் ஒருவரின் இயல்பு, சுபாவம். மரால் ஐரோப்பாவிலிருந்து வந்த கடன் சொல், வெளியே எழுதி வைத்த விதியின் வாசம் அதில் இருக்கும். ந்ராவ்ஸ்த்வென்னஸ்த் உள்ளே இருப்பது. கதையின் படிப்பினைக்கு அதை ஒருபோதும் பயன்படுத்த மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டுமே 'மொராலிட்டி' ஆகிவிடுவதால், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்போதுதான் வேலை. அது தத்துவ நூலாக இருந்து, ஹெகல் பேசப்படுகிறார் என்றால், ஒன்று 'மொராலிட்டி', மற்றது 'எத்திகல் லைஃப்'. ஹெகலின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஊன்றிவிட்ட இணை அது. அரசியல்வாதியின் மேடைப் பேச்சாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பொருளை இரண்டு தடவை அடிக்கின்றன. ஒன்றை வெட்டிவிடலாம். வெட்டத் தயங்குபவர்கள் 'மொராலிட்டி அண்ட் எத்திக்ஸ்' என்று போடுகிறார்கள், தப்பில்லை.

ந்ராவ் பன்மையானால் 'ந்ராவி'. ஊர் வழக்கம், பழக்கவழக்கம். 'ந்ராவி நகைச்சுவை' என்ற நாடக வகை ஆங்கிலத்தில் 'காமெடி ஆஃப் மேனர்ஸ்'. மாரல்ஸ் அல்ல.

போதனைச் சொற்களில் தொனிதான் எல்லாம். 'பவுச்சேனியே' பழைமையும் மதிப்பும் உள்ளது. கீவ் இளவரசர் விளாதிமிர் மொனமாக் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் பிள்ளைகளுக்கு எழுதியது இந்தப் பெயரில் அறியப்படுகிறது, ஆங்கிலத்தில் 'இன்ஸ்ட்ரக்ஷன்'. 'நஸிதானியே' படித்தவர் சொல், 'எடிஃபிகேஷன்'. இரண்டு மொழியிலும் லேசான கிண்டலோடு வரலாம். 'ந்ரவவுச்சேனியே' ஒரு காலத்தில் நல்ல சொல். இன்று அதைக் கேட்டால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். 'மாரலைஸிங்' அல்லது 'செர்மன்'. 18-ஆம் நூற்றாண்டு உரையில் இதைக் கண்டு 'செர்மன்' என்று எழுதினால் ஆசிரியர் தன்னையே கேலி செய்வதுபோல் ஆகும். ஆண்டைப் பார்க்க வேண்டும். சொல்லின் அந்தக் காலப் பொருளுக்கு 1863-66-இல் நாலு தொகுதிகளாக வந்த விளாதிமிர் தால் தொகுத்த அகராதியும், இன்றைய தொனிக்கு பல வகை உரைகளிலிருந்து வாக்கியங்களைத் தேடித் தரும் ரஷ்ய மொழியின் தேசியச் சொற்றொகுப்பும் உதவும். சொற்றொகுப்பில் சொல்லைத் தட்டி இருபது வாக்கியம் படித்தால், அது புகழ்ச்சியா சலிப்பா என்பது தெரிந்துவிடும்.

எதிர்ச்சொல்லிலும் ஒரு கண்ணி. 'அமரால்னி' என்பது ஆங்கிலத்தின் 'அமாரல்' அல்ல. 'அமாரல்' என்றால் நல்லது கெட்டது என்ற உணர்வே இல்லாதது. ஒரு புயலுக்கும் சொல்லலாம். அமரால்னி என்றால் கெட்ட நடத்தை, 'இம்மாரல்'. ரஷ்யத் தொழிலாளர் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஊழியர் அமரால்னி செயல் செய்தால் வேலைநீக்கம் செய்யலாம் என்கிறது. அதை 'அமாரல்' என்று மொழிபெயர்த்தால் குற்றச்சாட்டே ஆவியாகிவிடும்.

சட்டத்தில் இதைவிட நுணுக்கமான இடம் உரிமையியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. அது 'மரால்னி வ்ரெத்' என்ற தீங்குக்கு இழப்பீடு பற்றியது. அந்தத் தீங்கு என்ன என்று அடைப்புக்குறிக்குள் சொல்கிறது: உடல் வேதனை அல்லது 'ந்ராவ்ஸ்த்வென்னியே' வேதனை. ஒரே வரியில் இரண்டு நீதிச் சொற்கள். 'மாரல் ஹார்ம், ஃபிசிகல் ஆர் மாரல் சஃபரிங்' என்று சொல்லுக்குச் சொல் போட்டால், மனச்சாட்சி குத்தியதற்கு நஷ்டஈடு கேட்பதுபோல் இருக்கும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளில் பழகிய தொடர் 'நான்-பெக்யூனியரி டாமேஜ்', பணத்தில் அளக்க முடியாத இழப்பு. இரண்டாவது சொல் 'மென்டல்'. சட்டத்தையே மேற்கோளாகத் தரும் ஆய்வுக் கட்டுரையில் 'மாரல் ஹார்ம்' என்று வைத்து ஒருமுறை விளக்கிவிட்டுத் தொடரலாம்.

கிரிலோவின் காகத்தை எடுத்துக்கொண்டால்

சொற்கள் தனித்தனியே படிந்த பிறகு ஒரு முழு பாஸ்ன்யாவில் இறங்கிப் பார்க்கலாம். இவான் கிரிலோவ் 1769-இல் பிறந்தவர், 1844-இல் இறந்தவர். 1812 முதல் 1841 வரை பீட்டர்ஸ்பர்க் அரசுப் பொது நூலகத்தில் வேலை பார்த்தவர். 1809-இல் 23 பாஸ்ன்யாக்களோடு முதல் புத்தகம் வந்தது. வாழ்நாளில் ஏறத்தாழ 200 எழுதினார். காகமும் நரியும் கதை அவரிடம் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் வழியாக வருகிறது.

தலைப்பிலேயே இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். பிரெஞ்சில் பறவை அண்டங்காக்கை, ஆண், நரியும் ஆண். கிரிலோவிடம் பறவை 'வரோனா', சாதாரணக் காகம், பெண். நரி 'லிஸீத்ஸா', அதுவும் பெண். அண்டங்காக்கைக்கு ரஷ்யத்தில் 'வோரன்' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் 'க்ரோ', 'ரேவன்' அல்ல. இரண்டும் 'ஷீ'. ஆங்கில வாசகர் நரியை 'ஹீ' என்று எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்புக்கு விட்டுக்கொடுத்தால் கதை சீரழியும். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் "சகோதரி", "என் ஒளியே", "புறாவே" என்று குழைவதுதான் கிரிலோவின் நகைச்சுவை. ஆண் நரி அதைச் சொன்னால் காதல் வசனமாகிவிடும்.

அடுத்து ஆர்ட்டிகிள். தமிழிலும் இல்லை, ரஷ்யத்திலும் இல்லை, அதனால் நமக்கு இரட்டைக் கஷ்டம். தலைப்பில் 'த க்ரோ அண்ட் த ஃபாக்ஸ்'. கதைக்குள் முதல் தடவை 'எ க்ரோ', பிறகு 'த க்ரோ'. இந்த மாற்றத்தை மறந்தால் இரண்டு காகங்கள் இருப்பதுபோல் படும். இல்லாவிட்டால் பெயர்போல முதலெழுத்தைப் பெரிதாக்கி, ஆர்ட்டிகிளே இல்லாமல் 'க்ரோ' என்று கடைசிவரை போகலாம். இரண்டில் ஒன்று, கலப்படம் கூடாது.

"காகத்துக்கு எங்கோ கடவுள் ஒரு துண்டு பாலாடைக்கட்டி அனுப்பினார்" என்று தொடங்குகிறது. கடவுள் அனுப்பினார் என்பது ரஷ்யத்தில் எப்படியோ கிடைத்தது என்பதற்கான வழக்கு. ஆங்கிலத்தில் கடவுளை வைத்துக்கொண்டாலும் கெடுதல் இல்லை, திருட்டுப் பொருளுக்குப் பக்தி மணம் சேர்வது கிரிலோவின் தொனிக்கே பொருந்தும். பிறகு நரியை நிறுத்துவது 'ஸீர்னி தூஹ்'. தூஹ் என்றால் முதலில் ஆவி, ஆன்மா. பழைய பேச்சுவழக்கில் வாசனையும் அதுவே. பாலாடைக்கட்டியின் ஆவி நரியை மறிப்பதாக எழுதினால் பேய்க்கதை.

நரி மரத்தடிக்கு வந்ததும் வினைகள் நிகழ்காலத்துக்குத் தாவுகின்றன: நுனிக்காலில் வருகிறாள், வாலை ஆட்டுகிறாள், கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். காகத்தின் தலை சுழலும் இடத்தில் மறுபடி இறந்தகாலம். ரஷ்யச் செய்யுளில் இது உறுத்தாது. ஆங்கில உரைநடையில் பாதியில் காலம் மாறினால் கவனக்குறைவாகத் தெரியும். முழுவதும் இறந்தகாலம் பாதுகாப்பு. செய்யுளாகப் பெயர்ப்பவர் தாவலை வைத்துக்கொள்ளலாம்.

புகழ்ச்சியில் மயங்கும் காகத்தைக் கிரிலோவ் 'வெஷ்ஷூன்யா' என்கிறார், வருவதைச் சொல்பவள். ஒரு நொடி கழித்து நடக்கப்போவது அவளுக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் 'க்ரோ' என்று மட்டும் போட்டால் அந்தக் குத்தல் போய்விடும். 'ப்ராஃபெட்டஸ்' அல்லது 'சூத்சேயர்' எங்காவது நுழைய வேண்டும். அவள் தலை சுழன்றது என்ற வரிக்கு மட்டும் ஆங்கிலம் தானாகவே கை கொடுக்கிறது: புகழ்ச்சியில் மயங்குவதை அங்கேயும் தலை திரும்பியது என்றே சொல்கிறார்கள்.

கடைசி வரியில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். கட்டி விழுந்தது, "ஸ் நிம் பிலா ப்லுத்தோவ்கா தகவா". சொல்லுக்குச் சொல்: அதனோடு மோசக்காரி அப்படிப்பட்டவளாக இருந்தாள். 'தகவா' என்பதை 'அப்படிப்பட்ட' என்று படித்தால் பொருளே கிடைக்காது. இது ஒரு மரபுத்தொடர். மின்னலாக மறைந்தாள், ஆளைக் காணோம் என்பது கருத்து. 'அண்ட் த ரோக் வாஸ் ஆஃப் வித் இட்'. சுருக்கமாக முடிய வேண்டும். விளக்கினால் நரி ஓட நேரமாகிவிடும்.

நீதி இங்கே தலையில் இருக்கிறது: முகஸ்துதி இழிவானது என்று உலகத்துக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று, பயனில்லை. அதைக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போகும் பதிப்புகள் ஈசாப் பழக்கத்தில் செய்கின்றன. கிரிலோவிடம் நீதிக்கு நிரந்தர இடம் கிடையாது. அன்னமும் நண்டும் மீனும் வண்டி இழுக்கும் கதையிலும் முதலிலேயே வருகிறது; நால்வர் இசைக்குழுக் கதையில் நைட்டிங்கேலின் வாயில் கடைசியில் வருகிறது; தும்பியும் எறும்பும் கதையில் தனி நீதியே இல்லை, "பாடினாயா, சரி, இப்போது போய் ஆடு" என்ற எறும்பின் குத்தலோடு முடிகிறது. அங்கே தும்பி பெண், எறும்பு ஆண். பிரெஞ்சில் இரண்டும் பெண். தும்பி எறும்பை 'கூம்' என்று கூப்பிடுகிறது, ஞானஸ்நானத்தால் உண்டான உறவுமுறை. ஆங்கிலத்தில் அந்த உறவுக்கு உயிருள்ள விளிப்பெயர் இல்லை. 'நெய்பர்' அல்லது 'ஃப்ரெண்ட்' என்றுதான் ஒப்பேற்ற வேண்டும்.

யாப்பு வேறு கதை. கிரிலோவின் வரிகள் நீளம் மாறிக்கொண்டே போகும், ஒரு சீரிலிருந்து ஆறு சீர் வரை. பேச்சு மாதிரி ஓடும், ஆனாலும் எதுகை விடாது. ரால்ஸ்டன் 1869-இல் உரைநடையாகப் பெயர்த்தார். பெர்னார்ட் பேர்ஸ் 1926-இல் செய்யுளாக. பழகும்போது உரைநடைதான் நல்லது. எதுகைக்காகச் சொல்லை வளைத்துப் பழகினால், பொருள் எங்கே நழுவியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

பாஸ்ன்யா இல்லாத இடத்தில் பாஸ்ன்யா

கிரிலோவ் பெரும்பாலும் கதைப் புத்தகத்தில் வருவதில்லை. செய்தித்தாளில், நாடாளுமன்றப் பேச்சில், மின்னஞ்சலில் வருகிறார். பெயர் சொல்ல மாட்டார்கள். 'கரடியின் உதவி' என்றால், துறவி முகத்தில் உட்கார்ந்த ஈயைக் கல்லால் அடித்த கரடி. ஆங்கிலத்தில் 'டிஸ்சர்விஸ்' மட்டும் போதும், கரடி வேண்டாம். 'பெட்டி எளிதாகவே திறக்கக்கூடியதாக இருந்தது' என்றால் தீர்வு முதலிலிருந்தே எளிது என்பது. 'பச்சைத் திராட்சை' என்றால் 'சவர் க்ரேப்ஸ்'. ரஷ்யம் நிறத்தைச் சொல்கிறது, ஆங்கிலமும் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்கிற தமிழும் சுவையைச் சொல்கின்றன.

அடையாளம் காண ஒரு வழி உண்டு. தட்டையான செய்தி நடைக்கு நடுவில் திடீரென்று ஒரு வரி சந்தத்தோடு வரும், சொல் வரிசை புரண்டிருக்கும், 'இன்று' என்பதற்குப் பழைய 'நீனே', 'இந்த' என்பதற்குப் பழைய 'ஸேய்' எட்டிப் பார்க்கும், பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு விலங்கோ வண்டியோ நிற்கும். அப்போது அந்த வரியை மேற்கோள்குறிக்குள் இட்டு ரஷ்யத்திலேயே தேட வேண்டும். பாலம் கட்டும் பணி பற்றிய செய்தி "அ வோஸ் இ நீனே தாம்" என்று முடிந்தால், அங்கே வண்டி எதுவும் நிற்கவில்லை. அன்னமும் நண்டும் மீனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த அதே வண்டி. செய்திக்கு 'நத்திங் ஹாஸ் மூவ்ட் சின்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். கிரிலோவைப் பற்றிய கட்டுரையாக இருந்தால் மட்டும் வண்டியை விட்டுவைக்க வேண்டும்.